நிதானம் சாரின் முட்டுக்கட்டை

என் மாமனாரைத் தொழிற்சாலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிதானம் சார்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பட்டப்பெயர் அல்ல, நேருக்கு நேர், மரியாதையோடு சொல்வது. அவரும் அதை ஏதோ படித்து வாங்கிய பட்டம் போலத்தான் ஏற்றுக்கொண்டார். வீட்டு வாசல் பலகையில் பெயருக்குக் கீழே அதையும் எழுதிப் போடலாமா என்று ஒரு முறை யோசித்தார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

எங்கள் நாட்டில் நிதானம் என்பது பெரிய வார்த்தை. ஒரு காலத்தில் ஓட்டமாக ஓடிய நாடு இது என்று பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது. ரயில், கப்பல், புகைபோக்கி என்று உலகத்துக்கே வழி காட்டியதாம். இப்போது ஓடுவதில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டவர்கள் முன்னறையில் உலாத்துவார்களே, அப்படி நடக்கிறது. வருஷா வருஷம் தொலைக்காட்சியில் நிதியமைச்சர் வந்து, "நாட்டின் வளர்ச்சி நிதானமாக இருக்கிறது" என்பார். மெதுவாக இருக்கிறது என்று மறந்தும் சொல்ல மாட்டார். மெதுவாக என்றால் வெட்கம், நிதானமாக என்றால் கௌரவம். அதைக் கேட்டதும் மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவார், தன்னைத்தான் பேர் சொல்லிப் பாராட்டுகிறார்கள் என்பது போல. ஒரு வகையில் அவர் நினைப்பது சரிதான்.

நாங்கள் செய்வது கீல். கதவு, ஜன்னல், அலமாரி எல்லாவற்றுக்கும் வைக்கிற கீல். உலகத்துக் கதவுகளில் பாதி எங்கள் கீலில்தான் திறந்து மூடியது என்று தொழிற்சாலை வரவேற்பறையில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறார்கள். மீதிப் பாதியை யார் செய்தார்கள் என்று எங்கள் ஆட்கள் கவலைப்பட்டதே இல்லை. இப்போது எங்கள் பாதியையும் சேர்த்து அவர்கள்தான் செய்கிறார்கள்.

மாமா பள்ளிப்படிப்பு முடித்த கையோடு அங்கே தகடு வெட்டும் பிரிவில் சேர்ந்தார். அவர் மேலே ஏறிய கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நான் கேட்டபோது தலையில் அடித்துக்கொண்டேன். ஓர் இளம் எஞ்சினியர் வேலைக்கு வந்தாராம். தகட்டை இரண்டு தடவை வெட்டுவதற்குப் பதிலாக ஒரே தடவையில் வெட்டுகிற மாதிரி புதிதாக ஓர் அச்சு செய்தாராம். முதல் நாளே அது உடைந்துவிட்டது. மாமா பக்கத்தில் வந்து நின்று, "அவசரப்பட்டா இப்படித்தான், நான் அப்பவே நினைச்சேன்" என்றார். அச்சு உடைந்த நேரத்தில் அவர் டீ குடிக்கப் போயிருந்தார் என்பது வேறு விஷயம். அது முதலாளி காதில் விழுந்தது. எஞ்சினியர் மனம் வெறுத்து வேறு நாட்டுக்குப் போனார், மாமா மேற்பார்வையாளர் ஆனார்.

அதற்குப் பிறகு யார் என்ன யோசனை கொண்டுவந்தாலும் அவர் மறுத்ததே இல்லை. ஆறப்போடுவார். ஆறினது ஊசிப்போகும், ஊசினதை யாரும் திரும்பிக் கேட்க மாட்டார்கள். அவர் கை பட்டு எதுவும் நடக்கவில்லை என்பதால் அவர் கை பட்டு எதுவும் கெடவும் இல்லை. மேலிடத்துக்கு அது போதும். உற்பத்தி மேலாளர் நாற்காலிக்கு ஆள் தேடியபோது, ஒரு தப்பும் செய்யாத மனிதர் என்று ஒரே பெயர்தான் இருந்தது.

வீட்டிலும் இதே கதைதான். அத்தையைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதம் சொல்ல அவருக்கு நாலு வருஷம் ஆனதாம். அத்தை அப்போது தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தார். மாமா தினமும் போய் ஒரு தபால்தலை வாங்குவார், கடிதம் எழுத ஆளில்லாமல் வீடு முழுக்கத் தபால்தலை. கடைசியில் ஒரு நாள் அத்தை, "இன்னிக்கு ஒரு முடிவு சொல்லிடுங்க, எனக்கு வேற ஊருக்கு மாற்றல் வந்துடுச்சு" என்றார். மாற்றலும் இல்லை, ஒன்றும் இல்லை, சுத்தப் பொய். அதற்குப் பிறகுதான் மனிதர் வாயைத் திறந்தார்.

குளியலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் அதன் கீழே ஒரு குவளை இருந்தது. குவளை வழிந்ததும் குழாயைச் சரிசெய்வார் என்று நினைத்தேன். வாளி வைத்தார். வாளி வழிந்ததும் அண்டா வந்தது. இப்போது குளிக்க வேண்டுமானால் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அத்தையிடம் முறையிட்டேன். "அந்த அண்டா வாங்கவே ஒரு வருஷம் யோசிச்சார். குழாயைப் பத்திப் பேச்செடுத்தா நம்ம ஆயுசு போதாது, விடு" என்றார்.

இவ்வளவு திட்டுகிறேனே, மனிதர் கெட்டவரா என்றால் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு என் வழியைப் பார்த்திருப்பேன். பிரிவில் யாருக்கு முழங்கால் வலி, யார் பிள்ளை எந்தப் பரீட்சையில் கோட்டை விட்டது, யார் வீட்டில் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று எல்லாம் அவருக்குத் தெரியும். யாரையும் அவர் வேலையை விட்டு அனுப்பியதில்லை. ஆள் யாராவது ஓய்வு பெற்றால் அந்த இடத்தில் வேறு ஆள் போடாமல் அந்த ஸ்டூலை மட்டும் துடைத்து வைப்பார்.

காரணம் இருக்கிறது என்று அத்தை ஒரு நாள் சொன்னார். மாமாவின் அண்ணன் வேறொரு தொழிற்சாலையில் இருந்தார். அங்கே புது மெஷின் வந்ததும் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு, காலையில் வேலைக்குப் போகிற மாதிரியே உடுத்திக்கொண்டு கிளம்பிப் பூங்காவில் போய் உட்கார்ந்திருப்பாராம். மாமா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டார். அந்தக் காட்சி அவர் நெஞ்சை விட்டுப் போகவே இல்லை. சரி, பாவம்தான். அப்புறம் அண்ணன் என்ன ஆனார் என்று கேட்டேன். அடுத்த வருஷமே பஸ் ரிப்பேர் பட்டறை ஆரம்பித்து, இன்றைக்கு இரண்டு மாடி வீட்டில் இருக்கிறாராம். "அதை ஏன் மாமா நினைச்சுப் பார்க்கறதில்ல?" என்றேன். "அவர் பூங்காவோட நின்னுட்டார்" என்றார் அத்தை.

மகனைப் பாலிஷ் பிரிவில் சேர்த்துவிட்டது மட்டும்தான் மாமா தன் ஆயுளில் யோசிக்காமல் செய்த காரியம். படிப்பு முடிந்த மறுநாளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டார். நான் அதே தொழிற்சாலையில் கீலுக்கு ஊசி கோக்கும் பிரிவில் இருந்தேன். பாலிஷ் அறைக்குத் தட்டு கொண்டுபோகும் சாக்கில் பேசிப் பழகி அந்த வீட்டுக்கு மருமகளானேன். என் கணவர் அதிகம் பேசாதவர். கறுப்பு மை அப்பின கையோடு வீட்டுக்கு வருவார், தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார், சாப்பிடுவார். வேலை எப்படி என்று கேட்டால், "இருக்கு" என்பார்.

இப்படி இருக்கும்போது அரசாங்கம், புது மெஷின் வாங்குகிற தொழிற்சாலைக்குப் பாதி விலையைத் தருவதாக அறிவித்தது. எங்கள் முதலாளி மூன்றாவது தலைமுறை. தாத்தா கீல் செய்தார், அப்பா கீல் விற்றார், இவர் கீல் கிடங்கை வாடகைக்கு விட்டிருக்கிறார். பக்கத்துக் கடைத்தொகுதிக்கு வருகிறவர்களின் கார் எங்கள் கிடங்கில்தான் நிற்கிறது. கீலில் வருவதைவிட அதில் வருவது அதிகம், உழைப்பும் இல்லை. புது மெஷின் என்று யார் பேச்செடுத்தாலும், "இடம் எங்க இருக்கு?" என்பார். ஆனால் பாதி விலை என்றதும் அவருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. ஒரே ஒரு மெஷினுக்குச் சொல்லி வைத்தார்.

அதை ஓட்டக் கற்றுக்கொள்ள, அதைச் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு என்னை அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் அந்தக் கம்பெனிக்காரர்கள், "இங்கேயே வேலைக்கு இருந்துடுங்க, கணவரையும் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் கிளம்புமுன் முதலாளி எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்த மெஷின் நன்றாக ஓடிப் பலன் காட்டினால், அரசாங்க உதவியோடு இன்னும் ஐந்து மெஷின், அதற்கென்று ஒரு புதுக்கூடம், அதற்கு நான் தலைவி. அதை நம்பித்தான் திரும்பி வந்தேன். மெஷின் ஜெயித்தால் இருப்பது, தோற்றால் கிளம்புவது என்று என் கணவரிடமும் சொல்லிவிட்டேன். "சரி" என்றார்.

மெஷின் வந்தது. ஒரு பக்கம் தகட்டுச் சுருளைக் கொடுத்தால் மறுபக்கம் முழுக் கீலாக விழும். வெட்டி, சுருட்டி, ஊசி கோத்து, திருகு ஓட்டை போட்டு, முனை மழுக்கி, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக விழும். பக்கவாட்டில் வேகக் கைப்பிடி. ஒன்றிலிருந்து ஆறு வரை கோடு போட்டிருந்தது. முதல் நாள் அதை ஆறுக்குத் தள்ளினேன். கீல் கொட்டியது. எல்லாப் பிரிவு ஆட்களும் வேலையைப் போட்டுவிட்டு வந்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். மாமாவும் வந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஒரு கீலை எடுத்துத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தார். அப்புறம் பாலிஷ் அறைப் பக்கம் திரும்பினார். அங்கே அவர் மகன் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். மாமா கீலை மெதுவாகத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மத்தியானம் ஒரு மரக்கட்டையோடு திரும்பி வந்தார். அளவெடுத்து, இழைத்து, பாலிஷ் போடுகிற கம்பளித் துணியை அதில் சுற்றியிருந்தார். கைப்பிடி இரண்டாவது கோட்டைத் தாண்டாதபடி அதை இடுக்கில் வைத்துத் தட்டினார்.

"என்ன மாமா இது?"

"முட்டுக்கட்டை" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அந்தச் சாமானுக்கு அதுதானே பெயர்.

"துணி எதுக்கு?"

"புது மெஷின்மா. கீறல் விழக் கூடாது."

"மாமா, இது ஆறுல ஓடற மெஷின்."

"மத்தவங்களும் கூட வரணுமில்லம்மா. நீ பாட்டுக்கு முன்னால ஓடிட்டா அவங்க மூச்சு வாங்கி நின்னுடுவாங்க. பாலிஷ்ல போய்க் குவிஞ்சா என்ன பண்றது?"

"இதுல வர்ற கீலுக்குப் பாலிஷே தேவையில்லையே."

"அதைத்தான் கொஞ்சம் மெதுவாப் பேசுன்னு சொல்றேன்" என்றார், பாலிஷ் அறைப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "இப்போதைக்குத்தான்மா."

எங்கள் தொழிற்சாலையில் இப்போதைக்கு என்று வைத்தது எதுவும் நகர்ந்ததில்லை. கூரை ஒழுகியபோது இப்போதைக்குக் கட்டிய தார்ப்பாய்க்கே இப்போது ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். கட்டையும் அப்படியே நின்றது. இதில் வேடிக்கை என்னவென்றால், எதிலும் ஒத்துப்போகாத முதலாளியும் தொழிற்சங்கத் தலைவரும் இதில் ஒத்துப்போனார்கள். மின்சாரம் மிச்சம் என்றார் முதலாளி, ஆள்குறைப்பு இல்லை என்றார் சங்கத் தலைவர். அட்டைப்பெட்டி அவ்வளவு வேகமாக மடிக்க முடியாது என்று பெட்டி கட்டும் பிரிவும் சேர்ந்துகொண்டது. ஊரே ஒரு பக்கம், நான் மட்டும் கைப்பிடிப் பக்கம்.

பாலிஷ் தேவையில்லாத கீல்கள் பாலிஷுக்குப் போய்க்கொண்டிருந்தன. கண்ணாடி மாதிரி பளபளப்போடு உள்ளே போகிற கீல், சக்கரத்தில் ஒரு சுற்றுத் தேய்ந்து, கொஞ்சம் மங்கி வெளியே வரும். சாயங்காலம் என் கணவர் கை கழுவும்போது, "இன்னிக்கு எத்தனையை மங்க வெச்சீங்க?" என்பேன். சிரிப்பார். கை கழுவிக்கொண்டே இருப்பார்.

அந்தச் சமயத்தில்தான் குழு வந்தது. நாட்டின் வளர்ச்சி ஏன் இவ்வளவு நிதானமாகிவிட்டது என்று கண்டுபிடிக்க அரசாங்கம் போட்ட குழு. அதுவும் நிதானமாகத்தான் வேலை பார்த்தது. முதல் தலைவர் பாதியில் ஓய்வு பெற்றார். இரண்டாமவர், முதலாமவர் எழுதியதைப் படித்து முடிப்பதற்குள் ஓய்வு பெற்றார். எங்களிடம் வந்தவர் மூன்றாமவர். அதுவரை அவர்கள் கண்டுபிடித்த காரணங்கள் பத்திரிகையில் வந்திருந்தன. வயதானவர்கள் அதிகமாகிவிட்டார்களாம். இளைஞர்களுக்கு அக்கறை இல்லையாம். மக்கள் சேமிப்பதில்லையாம். இன்னொரு பக்கத்தில், மக்கள் செலவழிப்பதில்லையாம். வெளிநாட்டுக்காரன் மலிவாக விற்கிறானாம். மழையையும் விட்டு வைக்கவில்லை. பிறக்காத குழந்தை முதல் பெய்யாத மழை வரை எல்லோர் மேலும் பழி போட்டாகிவிட்டது, குழுவைத் தவிர.

இப்போது அவர்கள், அரசாங்கம் பாதி விலை கொடுத்து வாங்கித் தந்த மெஷின்களால் பலன் உண்டா என்று பார்க்க வந்தார்கள். பலன் உண்டு என்று எழுதினால் உதவி தொடரும், ஐந்து மெஷினும் வரும். இல்லையென்றால் அத்தோடு சரி. என் பிழைப்பே அவர்கள் எழுதப்போகும் ஒரு வரியில்தான் தொங்கியது.

முந்தின நாள் மாமாவிடம் போனேன். "மாமா, நாளைக்கு ஒரு நாள் மட்டும் அந்தக் கட்டையை எடுத்துடலாம். அவங்க போனதும் திரும்ப வெச்சுக்குங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"பார்க்கலாம்மா" என்றார்.

அவர் அகராதியில் அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா. மறுநாள் போய்ப் பார்த்தால், தரையைக் கழுவி, ஜன்னலைத் துடைத்து, மெஷின் பக்கத்தில் ஒரு பூந்தொட்டி வைத்திருந்தார்கள். கட்டையும் இருந்தது. விருந்தாளி வருகிறார்கள் என்று அதற்குப் புதுத் துணி, பச்சை நிறத்தில்.

குழுத் தலைவர் தடித்த கண்ணாடி போட்டவர். அவர் சொல்வதை எழுத ஓர் உதவியாளர், நேரம் பார்க்க இன்னொருவர். பழைய மெஷின்களை ஓட்டச் சொல்லி அளந்தார்கள். புது மெஷினை ஓட்டச் சொல்லி அளந்தார்கள். தலைவர் உதட்டைப் பிதுக்கினார்.

"புதுசுக்கும் பழசுக்கும் பெரிய வித்தியாசம் ஒண்ணும் தெரியலையே" என்று மாமாவிடம் சொன்னார். உதவியாளர் பக்கம் திரும்பி, "எழுதிக்குங்க. புதிய தொழில்நுட்பத்தால் சொல்லும்படியான பலன் இல்லை" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "சார், அந்தக் கட்டையை எடுத்துட்டு அளந்து பாருங்க" என்றேன்.

"எந்தக் கட்டை?"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. மாமா ஓரடி முன்னால் வந்து, "பாதுகாப்புக்கு வெச்சது சார்" என்றார்.

"யாருடைய பாதுகாப்புக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் கட்டையை இழுத்துப் பூந்தொட்டியில் போட்டேன். கைப்பிடியை ஆறுக்குத் தள்ளினேன்.

கொட்டியது. தட்டு நிரம்பியது, பெட்டி நிரம்பியது, வழிந்து தரையில் விழுந்து தலைவரின் ஷூ வரைக்கும் சறுக்கிக்கொண்டு போனது. நேரம் பார்க்கிறவர் அளப்பதை விட்டுவிட்டுக் காலைத் தூக்கினார். தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என்னிடம் ஏதோ கத்தினார். கேட்கவில்லை. கிட்டே போனேன்.

"கொஞ்சம் நிதானமா ஓட்டும்மா. எழுத முடியலை" என்றார்.

குறைத்தேன். இன்னும், இன்னும் என்று கையைக் காட்டினார். மூன்றுக்கு வந்தேன். இரண்டுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு, "ஆங், இதுதான் சரியான வேகம்" என்றார். உதவியாளர் பூந்தொட்டியிலிருந்து கட்டையை எடுத்து, மண்ணைத் தட்டி, "சார், உங்களோடது" என்று மாமாவிடம் பணிவாகக் கொடுத்தார். நான் அழவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுக் கீழே விழுந்த கீல்களைப் பொறுக்கினேன்.

அறிக்கை வர அரை வருஷம் ஆனது. பணியிடத்தின் சூழலுக்கு ஏற்ற நிதானமான வேகத்தில் இயக்கும்போது புதிய இயந்திரங்கள் குறிப்பிடத்தக்க பலன் தருவதில்லை என்று எழுதியிருந்தார்கள். உதவி நின்றது. ஐந்து மெஷினும் போயிற்று, கூடமும் போயிற்று. கூடத்துக்கு ஒதுக்கிய இடத்தில் முதலாளி இன்னும் கொஞ்சம் காருக்குக் கோடு போட்டார். வயிற்றெரிச்சலுக்கு மேல் வயிற்றெரிச்சல், எங்கள் தொழிற்சாலையின் ஏற்பாட்டை மற்றவர்களும் பின்பற்றலாம் என்று குழு ஒரு பத்தி எழுதியிருந்தது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து கட்டையின் அளவை எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, எந்த மரம் நல்லது, துணியை எப்படிச் சுற்ற வேண்டும் என்று விளக்கினார். அந்த வருஷம் எங்கள் வட்டாரத்தில் விறுவிறுவென்று வளர்ந்த தொழில் அது ஒன்றுதான்.

நான் வெளிநாட்டுக் கம்பெனிக்குப் போன் போட்டேன். இடம் இன்னும் இருக்கிறது, உடனே சொல்லுங்கள் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"மாமா, நாங்க கிளம்பறோம்."

மாமா சாப்பிடுவதை நிறுத்தினார். என் கணவரைப் பார்க்கவே இல்லை, என்னிடம்தான் பேசினார். "நீ போம்மா. உன் திறமைக்கு நீ போக வேண்டியவதான். ஆனா அவன் வர மாட்டான். அவனுக்கு இங்க வேலை இருக்கு. அதைக் காப்பாத்தத்தானே நான் இவ்வளவும் பண்ணேன்."

"எதை மாமா பண்ணீங்க?"

"உன் மெஷின் ஆறுல ஓடியிருந்தா பாலிஷ் பிரிவையே மூடணும். ஒம்பது பேர். கடைசியாச் சேர்ந்தவனை முதல்ல அனுப்பணும்கறது சங்கத்தோட ஒப்பந்தம். கடைசியாச் சேர்ந்தவன் இவன்தான். பெத்த மகனை நானே எப்படிம்மா அனுப்புவேன்? எங்க அண்ணன் மாதிரி இவனும் போய் எங்கயாவது உட்கார்ந்திருந்தா நான் தாங்குவேனா?"

அத்தனை மாசமாக நான் தேக்கி வைத்திருந்த கோபம் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் இவரோடு இவ்வளவு மல்லுக்கு நின்றிருக்க மாட்டேனே என்று தோன்றியது.

அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"எனக்கு அந்த வேலை பிடிக்கலைப்பா."

"எந்த வேலை?"

"பாலிஷ்."

"எப்போலேருந்து?"

"சேர்ந்த மொத வாரத்துலேருந்து."

மாமா அவரையே பார்த்தார். "பின்ன ஏண்டா இத்தனை வருஷமாப் போய்க்கிட்டிருந்தே?"

"நீங்க ஆசையாச் சேர்த்துவிட்டீங்க. விட்டுட்டா உங்க மனசு கஷ்டப்படும்னு நினைச்சேன்."

"உனக்கு வேற என்னதான் பிடிக்கும்?"

"தெரியலைப்பா. இது இல்லைன்னு மட்டும் தெரியும். வேற எதையும் செஞ்சு பார்த்ததில்லையே."

அத்தை சிரிக்க ஆரம்பித்தார். அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நல்லா இருக்குடா உங்க கூத்து. அப்பனுக்காக மகன், மகனுக்காக அப்பன். நடுவுல இவ மெஷினைக் கட்டிப் போட்டுட்டீங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்குமே வேண்டாத ஒரு வேலையைக் காப்பாற்ற ஒரு மெஷினைக் கட்டிப்போட்டு, அதை ஒரு குழு வந்து பார்த்துத் தலையாட்டி, நாடு முழுக்க இனி புது மெஷினே வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறது. இதில் யார் சட்டையைப் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மாமா அதற்கு மேல் சாப்பிடவில்லை. எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார். "கேட்டிருக்கலாம்" என்று ஒரு தடவை சொன்னார், எங்களிடமா தன்னிடமா என்று தெரியவில்லை. மனிதர் உடைந்துவிட்டார், இனிமேலாவது மாறுவார் என்று நினைத்தேன். எனக்கு அவர் மேல் இருந்த பிரியத்தில் அப்படி நினைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் காலையில் வேலையை விடுவதாகச் சொல்லத் தொழிற்சாலைக்குப் போனேன். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. மாமா என் மெஷின் முன்னால் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் சுத்தியல். அந்தக் கட்டையைத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, சத்தம் போடாமல் பின்னால் போய் நின்றேன். நெஞ்சு நிறைந்துவிட்டது.

அவர் அதை எடுக்கவில்லை. நான் இழுத்துப் போட்டதிலிருந்து அது கொஞ்சம் லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு சின்ன மரச் சக்கையைச் செருகி இறுக்கிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்க மகன்தான் வேண்டாம்னு சொல்லிட்டாரே. இன்னும் யாருக்காக?"

"மத்த எட்டுப் பேர் இருக்காங்களேம்மா."

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

அவர் இன்னும் இரண்டு தட்டுத் தட்டினார். கைப்பிடியை அசைத்துப் பார்த்தார். அது இரண்டைத் தாண்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"கேட்டு, அவங்களும் வேண்டாம்னு சொல்லிட்டா நான் என்னம்மா பண்றது?"